செவ்வாய்க்கிழமைப் புறாக்கூடு

புது ஆல்பம் கேட்க வருகிறவர்களை நான் நம்பியது கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறவர்கள் எல்லோரும் பாட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர், பக்கத்தில் இருப்பவர் தங்களைக் கவனிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதினோரு வருஷமாகப் பார் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எனக்குச் சம்பளம் கொடுப்பதே தண்டம். ஆனால் சந்தேகப்படுவதில் நான் வெறும் கத்துக்குட்டி என்று எனக்குப் புரியவைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் சோதனை அக்கா.

சோதனை என்பது முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்காதான். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு துணி ஆலையின் வாசலில் பதினெட்டு வருஷம் நின்றவர் அவர். வேலை முடிந்து வெளியேறும் பெண்களைச் சோதிப்பது அவர் வேலை. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பேர், ஆளுக்கு நாலு நொடி. புறங்கையால் இடுப்பில் ஒரு தட்டு, இரண்டு பக்கமும் ஒரு தடவல், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து ஒரு பார்வை, அடுத்த ஆள். "மூஞ்சியப் பாக்கவே கூடாது தம்பி. பாத்தா பாவமா இருக்கும், வேலை ஓடாது. செருப்பைப் பாக்கணும். தப்பு பண்ணுனவளுக்குக் கால் ஒரு எடத்துல நிக்காது" என்று எனக்கு ஒருநாள் விளக்கினார். சொல்லும்போதே என் காலைப் பார்த்தார். நான் எந்தத் தப்பும் பண்ணாமலே காலை மாற்றி வைத்தேன்.

வீட்டிலும் அவருக்கு இதே உத்தியோகம்தான். அக்கா வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. மனுஷன் இனிப்பு பிஸ்கட்டை எங்கெங்கோ ஒளித்து வைப்பார். ஒருமுறை மடக்கின குடைக்குள் வைத்திருந்தாராம். மேகம் துளிகூட இல்லாத நாளில் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினதில் மாட்டிக்கொண்டார். கட்டிக்கொடுத்த மகள் போனில் அழைத்தால்கூட, "எதுக்குக் கூப்பிடுற? என்ன ஆச்சு?" என்றுதான் அக்கா பேச்சைத் தொடங்குவார். எதுவும் ஆகவில்லை, சும்மாதான் என்று மகள் சொன்னால் நம்பமாட்டார். இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். அதில் பேச மட்டும்தான் முடியும்.

ஆலை மூடப்பட்ட பிறகு எங்கள் முதலாளி அவரை வேலைக்கு எடுத்தார். காரணம் செவ்வாய்க்கிழமை.

மற்ற நாள்களில் எங்கள் பாரும் ஊரில் உள்ள எந்தப் பாரையும் போலத்தான் இருக்கும், ஒரே இரைச்சல். செவ்வாய்க்கிழமை மட்டும் மாலை ஆறரைக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை முழுசாக ஓடவிடுவோம். வாரம் ஒரு டீஜே விருந்தாளியாக வருவார். ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவதும், நாலு வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்துவதும் அவர் பொறுப்பு. பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. என்ன வேண்டுமென்று சீட்டில் எழுதி நீட்டினால் நான் பூனைபோலப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். குலுக்கிக் கலக்குகிற பானம் எதுவும் அன்றைக்குக் கிடையாது. ஐஸைக்கூட முன்னாலேயே உடைத்துத் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். முதலாளிக்குப் பாட்டு என்றால் உயிர், எங்கள் உயிரை அவர் எடுத்தது அதனால்தான்.

கூட்டம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சில வாரங்களில் இன்னும் வெளிவராத ஆல்பமே வரும். முதலாளியின் பேச்சை நம்பி, ஆல்பம் வெளியிடும் கம்பெனிகள் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே விருந்தாளி டீஜே கையில் அதைக் கொடுத்து அனுப்புவார்கள். யாராவது போனில் பதிவு செய்து வெளியே விட்டுவிட்டால் அந்த நம்பிக்கை போயிற்று. அதனால் உள்ளே வருகிறவர்கள் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். போன்களை வைக்க, அறுபது சின்ன அறைகள் கொண்ட ஒரு மரத்தட்டைத் தச்சர் அடித்துக் கொடுத்திருந்தார். நாங்கள் அதைப் புறாக்கூடு என்போம். அதற்குக் காவல் அக்கா.

முதலில் புறாக்கூடு வெளியே, கழிப்பறைக்குப் போகிற நடையில்தான் இருந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. போகிற வருகிறவன் எவனாவது கையை விட்டு எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று முதல் வாரமே பிடித்துக்கொண்டார். முதலாளியை நச்சரித்து அதைக் கூடத்துக்குள்ளேயே கொண்டுவரச் செய்தார். கவுண்டர் முடிகிற இடத்தில், இடது பக்க ஸ்பீக்கருக்கு எதிரே அது வந்து நின்றது. தூக்கி வைக்கும்போது ஓர் அறையின் அடிப்பலகை பெயர்ந்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள வெச்சா பாட்டு நடுவுல மணி அடிக்குமேக்கா" என்றார் முதலாளி.

"அடிக்காது சார். என் கண்ணு முன்னாடி அணைச்சுட்டுத்தான் குடுக்கணும். நான் பாத்துக்குறேன்."

பார்த்தும் கொண்டார். ஒவ்வொருவரும் அவர் எதிரே நின்று பொத்தானை அழுத்தி, திரை கறுத்ததைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாட்டு ஓடும் ஒன்றரை மணி நேரமும் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். போதாக்குறைக்கு அவ்வப்போது எழுந்து, ஒவ்வோர் அறையாக விரல் வைத்துப் போன்களை எண்ணிப் பார்த்துவிட்டு உட்காருவார். நாலு வருஷத்தில் ஒரு போன் தொலைந்ததில்லை. எந்தப் பாட்டாவது பிடித்ததா என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார்.

அக்காவுக்கு ஆறாத எரிச்சல் ஒன்று இருந்தது. எங்கள் போன்களெல்லாம் முதலாளியின் அறையில் இருக்கும். அந்தக் கூடத்துக்குள் ஒரே ஒரு போன் மட்டும் புறாக்கூட்டுக்கு வராது. அது எங்கள் ஒலிக்காரனின் போன். வயர்களை இணைத்து, ஸ்பீக்கர் சத்தத்தைச் சரிபார்க்கிற அவனைக் கொக்கு என்று கூப்பிடுவோம். நெடுநெடுவென்று வளர்ந்தவன், மேசைக்குப் பின்னால் ஒற்றைக் காலில்தான் நிற்பான். மாடியில் குடியிருப்பவர்கள் சத்தத்தைப் பற்றி அடிக்கடி புகார் சொன்னதால், சத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று தன் போனில் அளந்து பார்த்துக்கொள்ள முதலாளி அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தார். "ஒருத்தனுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று ஒவ்வொரு செவ்வாயும் அக்கா முணுமுணுப்பார். கொக்கு சிரித்துக்கொண்டே, "உங்க புறா ஒண்ணு வெளிய பறக்குதுக்கா" என்பான். அந்தச் சிரிப்பையும் அக்கா நம்பவில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த ஆல்பம் வந்தது. ஏழு வருஷம் வாயே திறக்காமல் இருந்த ஒரு பாடகி திரும்ப வந்து பாடியது அது. கொண்டுவந்த விருந்தாளி டீஜே அந்தப் பாடகியின் சிநேகிதி. பாட்டு இருந்த பென் டிரைவைக் கைப்பைக்குள் வைத்து, பையை மடியிலேயே வைத்திருந்தாள். ஓட்டி முடித்ததும் தானே எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள், புறாக்கூட்டில் நாற்பத்தொரு போன். ஆல்பம் வெளிவர இன்னும் பத்து நாள் இருந்தது. வியாழக்கிழமை காலையில் பன்னிரண்டு பாட்டும் இணையத்தில் கிடந்தன.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்தப் பதிவில் ஆள்கள் இருமுவதும் நாற்காலி நகர்வதும் கேட்கிறது, இது உங்கள் கூடத்தில் எடுத்ததுதான், யார் எடுத்தார் என்று அடுத்த செவ்வாய்க்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இனி எந்த ஆல்பமும் முன்கூட்டியே வராது என்று எழுதியிருந்தார்கள். அந்த டீஜே போனில் அழுத அழுகை முதலாளியின் காதைத் தாண்டி எனக்கே கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்த்துக் கிடந்தன. அவர், அக்கா, கொக்கு, நான், நாலு பேரும் நின்றுகொண்டே பேசினோம். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அழுத டீஜேயைச் சந்தேகப்பட்டேன். கூட்டம் சேர்க்க முதலாளியே செய்திருப்பாரோ என்றுகூட ஓடியது. மற்றவர்கள் என்னைத்தான் நினைக்கிறார்களோ என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன்.

அக்கா தொண்டையைச் செருமினார். "சார், நாப்பத்தொரு பேரு வந்தாங்க. நாப்பத்தொரு போனும் என்கிட்ட அணைஞ்சு கெடந்துச்சு. அரை மணிக்கு ஒருதரம் எண்ணுனேன். கூடத்துக்குள்ள உசுரோட இருந்தது ஒரே ஒரு போன்தான்."

கொக்கு திருதிருவென்று விழித்தான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தான். "பாத்துக்கங்க. யாரு வேணா பாத்துக்கங்க."

முதலாளி வாங்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"இருக்கிறதை அழிக்க முடியாதா என்ன?" என்றார் அக்கா.

கொக்கு என் பக்கம் திரும்பினான். ஆறு வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நான் அப்படிப் பண்ணுவனா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவன் பண்ணமாட்டான் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த பார்வை என்மேல்தான் விழும் என்று பயம். மென்று முழுங்கி, "எனக்கு என்னடா தெரியும்?" என்றேன். சொன்னதும் எனக்கே வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

"இது தெளிவாகுற வரைக்கும் நீ வர வேண்டாம்" என்றார் முதலாளி. கொக்கு தன் வயர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முழங்கையில் சுருட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு போனான். இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் நான் துடைத்த டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தோடு அக்கா விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். "கையும் களவுமா பிடிக்கணும் தம்பி. இல்லன்னா நாளைக்கு அவன் பக்கம் நியாயம் இருக்குன்னு யாராவது கெளம்புவாங்க" என்றார். சனிக்கிழமை மத்தியானம் பார் திறப்பதற்கு முன்னாலேயே வந்து, அந்தத் திருட்டுப் பதிவைத் தனக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். என் ஹெட்போனை மாட்டிவிட்டேன். நாலு வருஷம் பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனுஷி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பாட்டைக் கேட்டார். ரசிக்க அல்ல, துப்புத் துலக்க. பன்னிரண்டு பாட்டையும் மூன்று தடவை கேட்டார். எங்கே இருமல், எங்கே டம்ளர் சத்தம் என்று சீட்டில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நாலாவது பாட்டுல ஒரு பொம்பளை பேசுறா."

"பாடுறாங்கக்கா. அதுக்குத்தான ஆல்பம்."

"எனக்குத் தெரியாதா? இவ வேற. வாத்தியமெல்லாம் நின்னு பாடுறவ மூச்சு மட்டும் கேக்குற எடத்துல, இன்னொருத்தி மெதுவா எண்ணுறா."

அது எனக்கும் தெரியும். கேட்டிருக்கிறேன். பாட்டிலேயே உள்ளது என்று நினைத்திருந்தேன். அந்தப் பதிவைக் கேட்ட ஊரே அப்படித்தான் நினைத்தது. பாடகி பாடாமல் இருந்த நாள்களை எண்ணுகிறாள் என்று இணையத்தில் ஒருவர் எழுத, இல்லை, பிரிந்துபோன காதலனின் கடிதங்களை எண்ணுகிறாள் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்திருந்தார்.

அக்காவுக்குக் காதலும் கடிதமும் தேவைப்படவில்லை. "கொக்குக்கு ஒரு கூட்டாளி இருக்கா. அவன் பதிவு பண்ணான், இவ பக்கத்துல இருந்து எதையோ எண்ணிருக்கா" என்று முடிவே கட்டிவிட்டார். அன்றைக்கு வந்த பெண்களை ஞாபகப்படுத்திச் சொல்லத் தொடங்கினார். முகம் ஒன்றும் நினைவில் இல்லை, எல்லாம் காலணிதான். கறுப்புக் குதிகால் ஒருத்தி, வார் அறுந்த சிவப்பு ஒருத்தி, நீலக் கான்வாஸ் ஒருத்தி. "அந்த நீலக் கான்வாஸு நிக்கவே இல்ல தம்பி, காலை ஆட்டிட்டே இருந்தா" என்றார். நீலக் கான்வாஸ் எங்கள் முதலாளியின் அண்ணன் மகள் என்று சொன்னதும், "அப்ப இன்னும் மோசம்" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் என்னையே கேட்கச் சொல்லி ஹெட்போனை நீட்டினார். "நீ தினம் நூறு பேரு பேச்சைக் கேக்குறவன். யாரு கொரல்னு சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டேன். பாடகி மூச்சை இழுத்து நிறுத்துகிறாள். அதற்குக் கீழே முணுமுணுப்பு. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு ஒடசல், பதினாலு.

புறாக்கூட்டில் பதிமூன்றாவது அறைதான் பலகை பெயர்ந்த அறை. அதில் போன் வைப்பதில்லை. எண்ணிக்கொண்டு வரும்போது அந்த இடத்தில் அக்கா என்ன சொல்வார் என்று நாலு வருஷமாகக் கேட்டு எனக்கு மனப்பாடம். தன் குரல் வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு நாளாக அந்த மனுஷி தன்னைத்தானே தேடிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதா?"

"இல்லக்கா. சரியா கேக்கல."

அக்கா குனிந்து பார்த்தார். "உன் கால் நிக்கல."

அதற்குமேல் மறைக்க எனக்கு நெஞ்சு இல்லை. "அக்கா, அந்தப் புறாக்கூட்டை ஒருதரம் எண்ணுங்களேன்" என்றேன்.

"இப்ப என்ன அதுல இருக்கு எண்ண?"

"சும்மா எண்ணுங்க."

என்னை முறைத்துக்கொண்டே போய், முதல் அறையில் விரலை வைத்தார். ஒவ்வொன்றாக நகர்ந்தார். பன்னெண்டு என்றார். "பதிமூணு ஒட..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். விரல் அந்த உடைந்த பலகைமேலேயே இருந்தது.

திரும்பி வந்து தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நாலாவது பாட்டைக் கடைசிவரை கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். தூரத்தில் தொடங்குகிற அந்த முணுமுணுப்பு போகப் போக நெருங்கி வருகிறது. இருபத்தேழு என்பது காதில் வாய் வைத்துச் சொன்னதுபோலக் கேட்கிறது. அதன்பிறகு விலகிப் போகிறது. அக்கா எழுந்துபோய் இருபத்தேழாவது அறைக்குள் கையை விட்டுத் தடவினார். எதிரே ஸ்பீக்கர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அணைச்சுட்டுத்தான தம்பி குடுத்தாங்க? நான் பாத்தேனே. திரை கறுத்துச்சே."

என் போனை எடுத்து, குரல் பதிவைத் தொடங்கிவிட்டு, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். திரை கறுத்தது. "இப்ப இது அணைஞ்சிருக்காக்கா?" என்று கேட்டேன். "அணைஞ்சிருக்கு" என்றார். பிறகு அதையே அவருக்குப் போட்டுக் காட்டினேன். அணைஞ்சிருக்கு என்று அவர் குரல் போனிலிருந்து வந்தது. அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தேழாம் டோக்கனை யார் வாங்கினார் என்று இரண்டு பேரும் மூளையைக் கசக்கினோம். நாங்கள் டோக்கனுக்குப் பெயர் எழுதுவதில்லை. அக்காவுக்கு ஞாபகம் வந்ததெல்லாம் வெள்ளை ஷூ, பழுப்பு நாடா, வலது காலில் மட்டும் இரட்டை முடிச்சு. அந்த ஷூவுக்குமேல் ஆணா பெண்ணா, கிழமா இளசா, ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஊரே அது பாட்டுன்னு நெனச்சிட்டிருக்கு. பதிமூணாவது வருஷத்துல மனசு ஒடஞ்சுபோச்சுன்னுகூட எவனோ எழுதிருக்கான். நீங்க இந்த வயசுல வேற எங்க போய் நிப்பீங்க? விட்டுடுங்க" என்றேன். கொக்கு நல்ல வேலைக்காரன், எங்கேயாவது பிழைத்துக்கொள்வான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "வாசல்ல நிறுத்தி வெச்சு, இவதான் எடுத்தான்னு எத்தனை பேரைக் காட்டிருப்பேன் தெரியுமா?" என்றார். "அவளுங்க அழுவாளுங்க. நான் இல்லக்கா, நான் இல்லக்கான்னு கால்ல விழுவாளுங்க. ஒருநாளும் நான் தப்பா சொன்னதில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப எனக்குத் தெரியல தம்பி." கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார்.

நான் கதவோரமே நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றும் சொன்னார். முதலாளி நெற்றியைத் தேய்த்துவிட்டு, "புறாக்கூட்டை முதல்ல வெளிய தூக்குங்கக்கா, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார். நடந்ததைக் கம்பெனிக்கு எழுதி அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் ஒற்றை வரியில் பதில் வந்தது. இந்த வருஷம் முழுக்க எங்களுக்கு வெளிவராத ஆல்பம் கிடையாது என்று. வெளிவந்த ஆல்பங்களை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கொக்குக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலு தடவை செய்தார்.

"கோபமா இருப்பான். வீட்டுக்கே போறேன்" என்றார் அக்கா. நானும் கூடப் போனேன். அவருக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டேன்.

கொக்கின் வீடு மூன்றாவது மாடியில். படி ஏறுவதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவள் அவன் மனைவி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள், வேலையிலிருந்து கொஞ்ச நேரம் முன்னால்தான் வந்திருக்க வேண்டும், அந்தப் பச்சை உடுப்பைக்கூட மாற்றவில்லை. ஒரே அறை. சுவர் நெடுக ஆணி அடித்து, வயர்களைச் சுருள் சுருளாக அளவுப்படி மாட்டியிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. "அவரு இல்ல. ஒரு மண்டபத்துல ஸ்பீக்கர் மாட்டுற வேலைன்னு போயிருக்காரு. இன்னும் என்ன சோதிக்கணும்?" என்றாள்.

அக்கா நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "உன் வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து, புறாக்கூடு, கறுத்த திரை, எண்ணின குரல், எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்கக் கேட்க நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்படுவாள், இல்லாவிட்டால் எங்களைத் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யாமல் அழத் தொடங்கினாள்.

"அப்ப அவரு நெசமாவே பண்ணலையா?"

"பண்ணலம்மா."

"எனக்கு இப்பதான்க்கா தெரியுது" என்றாள். "சனிக்கிழமை அவரு குளிக்கப் போனப்ப, அவரு போனை எடுத்துப் பாத்தேன். அதுல ஒண்ணும் இல்ல. அப்பவும் மனசு கேக்கல. பையைத் தரையில கொட்டி, ஒவ்வொரு வயரா பிரிச்சுப் பாத்தேன். நிமிந்தா வாசப்படியில நிக்கிறாரு, தலையில தண்ணி சொட்டச் சொட்ட. ஏன்னுகூடக் கேக்கல. பக்கத்துல வந்து உக்காந்து, வயரையெல்லாம் திரும்பச் சுருட்டிப் பையில வெச்சாரு."

மேசையைக் காட்டினாள். அதன் நடுவில் கொக்கின் போன் கிடந்தது.

"அன்னையிலேருந்து வெளிய போறப்ப போனை இங்கேயே வெச்சுட்டுப் போறாரு. பூட்டுகூடப் போடுறதில்ல. நான் எப்ப வேணா பாத்துக்கட்டும்னு. இன்னிக்கு உங்க முதலாளி கூப்பிட்டப்போ நான் இங்கதான் இருந்தேன். நாலு தடவையும் பாத்துட்டே இருந்தேன். எடுக்கல. தொட்டா திரும்பவும் தேடுன மாதிரி ஆயிடும்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

கொக்கு உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்தான். அக்கா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவன் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டான். "சரிக்கா" என்றான். "அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும்டா" என்றேன் நான். "ஆமாண்ணே" என்றான், அவ்வளவுதான். நாளைக்கு நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லச் சொன்னான். அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.

அக்காவுக்குப் படி இறங்கக் கஷ்டம் என்று பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். வழியில் முதலாளி எனக்குப் போன் செய்தார். கொக்கு வருகிறான் என்று சொன்னதும் அவருக்குக் குரலே மாறிவிட்டது. நானே அவனிடம் பேசுகிறேன், இப்போதே அவன் போனுக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

"டேய், முதலாளி உன் போனுக்குக் கூப்பிடுறாரு" என்றேன்.

கொக்கு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு திரும்பி, மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்த தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"போன் மேல இருக்குண்ணே" என்றான். "எடுத்துட்டு வரணும்னே தோணல. பழகிப்போச்சு."